எண்பத்து நான்கு கதிரையும் ஒரு வெற்றிடமும்

பண்டத்தரிப்பு,
செவ்வாய்க்கிழமை.

கிறிஸ்துவுக்குள் அன்பான மச்சான் சிமியோனுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நான் இங்கே சுகமாகவும் உயிரோடும் இருக்கிறேன். உயிரோடும் என்று தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, அது பிறகு வரும். நீரும் றெபேக்காவும் பிள்ளைகளும் இலண்டன் குளிரில் தடிமன், இருமல் இல்லாமல் இருக்கும்படி காலையும் மாலையும் செபிக்கிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீர் நடுவில் சிரிப்பீர், நான் கோபத்தில் ஃபோனை வைத்துவிடுவேன், பிறகு இருவரும் இரண்டு மாதம் கதைக்க மாட்டோம். ஆகையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரியின் ஃபோனில் படம் எடுத்து அனுப்புவேன், அசல் தபாலில் வரும்.

முதலில் அவசரமான விஷயம். இந்தக் கிழமைக்குள் கொழும்பிலிருந்து ஒருவர் உம்மை அழைத்து, நேசம் கதிரை வாடகைச் சேவையின் சாரதி சிமியோன் நீங்கள்தானா என்று கேட்பார். தயவுசெய்து பிழையான நம்பர் என்று வைத்துவிடாதீர். றொசாந்தி என்ற ஒரு பிள்ளையின் வேலை அந்த அழைப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நீர் எப்படி என்னுடைய சாரதியானீர் என்று கேட்பீர். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

உம்முடைய அக்கா, என் நேசம்மா, கண்மூடி இந்த ஐப்பசியோடு ஐந்து வருடம். அவள் நடத்திய தொழிலில் மிஞ்சியவை எண்பத்து நான்கு பிளாஸ்ரிக் கதிரைகளும், நிழலுக்குக் கட்டும் ஒரு படங்கும், கதிரை ஏற்றும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும், படலையில் தொங்கும் பெயர்ப்பலகையும். கலியாண மண்டபக்காரர் எல்லாரும் இப்போது சொந்தக் கதிரை வைத்திருக்கிறார்கள், ஒருவரும் கேட்டு வருவதில்லை. பலகையைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. எண்பத்து நான்கு கதிரை உள்ள வீட்டில் நான் ஒருவன் இருக்கிறேன். ஒரு கதிரைக்கும் மனக்குறை வரக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் வேறு வேறு கதிரையில் இருந்து சாப்பிடுகிறேன். சிரிக்காதீர், மழை நாட்களில் நான் எண்பத்து நான்கையும் துடைத்ததுண்டு, பொழுது போகவேண்டுமே.

ஆவணி மாதம் ஒரு நாள் பத்து மணி வெயிலில் படலையில் ஒரு பிள்ளை வந்து நின்றது. கழுத்தில் றொசாந்தி என்ற பெயரோடு அடையாள அட்டை, கையில் டப் கணினி. சாவகச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தது.

"ஐயா, நேசம் கதிரை வாடகைச் சேவை இதுதானே? தொழிற்சந்தை ஆய்வுக்கு வந்தனான். உங்களிட்டை வேலை செய்யிற ஆக்களுக்கு என்ன திறமை இருக்கு, என்ன பயிற்சி வேணும் எண்டு கேட்டு எழுத வேணும்."

"எவ்வளவு நேரம் பிடிக்கும் பிள்ளை?"

"ஒரு மணித்தியாலம் பிடிக்கும் ஐயா. வேலையாக்கள் ஒருத்தரும் இல்லை எண்டால் ரண்டு நிமிசம். முதல் கேள்வியோடை படிவம் தானாப் பூட்டிக்கொள்ளும், நான் போயிடுவன்."

மச்சான், நீர் என்னை அறிவீர். சங்கக் கடையில் முப்பத்தொரு வருடம் முகாமையாளராக இருந்தவன், ஒரு இறாத்தல் சீனிக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதாதவன். அப்படிப்பட்ட நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன், பின்னால் அடுக்கியிருந்த கதிரைகளைப் பார்த்தேன், வாயைத் திறந்து "மூண்டு பேர்" என்றேன். போகக்கூடாது என்ற ஒன்றைத் தவிர வேறு நோக்கம் எனக்கு இருக்கவில்லை. அதற்கு முந்தின புதன்கிழமைக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு மனிதக்குரல் கேட்டிருக்கவில்லை, றேடியோவையும் ஃபோனையும் கணக்கில் எடுக்காவிட்டால்.

ஒரு பொய் சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. மூன்று பேருடைய பெயரும் கேட்டாள். எனக்கு வேறு யாரைத் தெரியும்? முகாமையாளர் நேசம்மா, தொடர்பாடல் பகுதிக்குக் கனடாவில் இருக்கிற என் மகன் கெல்வின், சாரதி நீர். ஒவ்வொருவருக்கும் ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று திறமை திறமையாகக் கேட்டாள். நேசத்துக்கு எல்லாம் ஐந்து போட்டேன், அதில் பொய் இல்லை. ஒரு வீட்டில் யாராவது இறந்தால், சொந்தக்காரருக்குச் செய்தி போக முதல் இவளுடைய கதிரை போய் முற்றத்தில் நிற்கும் என்று ஊரே சொல்லும். கெல்வினின் தொடர்பாடல் திறனுக்கு ஒன்று போடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் நாலு நிமிடம் கதைக்கிறவனுக்கு வேறு என்ன போடுவது? பிறகு, கேதீஸ்வரியின் ஃபோனில் பேத்தியின் முகத்தைக் காட்டுகிறவன் என்று இரக்கப்பட்டு, "ஒண்டரை போடலாமோ பிள்ளை?" என்று கேட்டேன். அரைப் புள்ளி போட டப்பில் இடமில்லையாம். உமக்கும் ஒன்றுதான். நீர் விடுமுறையில் வந்து நின்றபோது லான்ட்மாஸ்டரைப் பின்னுக்கு எடுக்கிறேன் என்று கிணற்றுக்கட்டை உடைத்தது ஊரறிந்த விஷயம், அதை மறைக்க எனக்கு உரிமையில்லை. தொழிலாளர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் கேட்டபோது உம்முடையதைக் கொடுத்தேன். எனக்குப் பாடமான ஒரே இலக்கம் அதுதான். அக்கா போன அன்று அதைப் பதினொரு தரம் அழுத்தினேன், நீர் வேலையில் நின்றீர்.

கடைசிக்கு முந்தின கேள்வி, நிறுவனத்தில் வெற்றிடம் ஏதும் இருக்கிறதா என்பது. இல்லை என்று சொன்னேன். அன்று சொன்ன பொய்களுக்குள்ளே அது ஒன்றைத்தான் நேசத்தின் படத்துக்கு முதுகைக் காட்டிச் சொன்னேன்.

கேதீஸ்வரி தந்திருந்த பனங்காய்ப் பணியாரத்தையும் தேத்தண்ணியையும் வைத்தேன். பிள்ளை இரண்டு தரம் வாங்கிக் குடித்தது. "இண்டைக்கு இது ஏழாவது இடம் ஐயா. இருங்கோ எண்டு சொன்னது நீங்கள் மட்டுந்தான்" என்றது. பல்கலைக்கழகம் முடித்து நாலு வருடமாம், இந்த வேலையும் ஒப்பந்தமாம், படிவங்களில் பிழை இல்லை என்றால்தான் அடுத்த ஆறு மாதம் நீடிப்பார்களாம். அந்த நேரம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழும்பிப் போய்விடுமே என்று பயந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். புரட்டாதியில் கடிதம் வந்தது. வலிகாமத்தில் மிகக் குறைந்த திறன் காணப்பட்ட நிறுவனங்களில் நமது நிறுவனமும் ஒன்றாம், அதனால் வேலைத்தலப் பயிற்சிக்குத் தெரிவாகியிருக்கிறதாம். அந்தக் கிழமை வியாழன் ஒன்பதரைக்குப் பயிற்சியாளர் வருவார், மூன்று ஊழியர்களையும் தயாராக வைத்து இருக்கை ஏற்பாடும் செய்க என்று இருந்தது. ஊழியர்களில் ஒருவர் கனடாவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் பரலோகத்தில். நான் என்ன செய்ய?

குருநகரிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டுவருகிற கனிசியஸை மறித்துக் கேட்டேன். "அரைநாளைக்குச் சிமியோனா இருக்க வேணுமோ? மீன் முடிஞ்சுதெண்டால் நான் ஆராகவும் இருப்பன் ஐயா" என்றான். கெல்வின் வரவில்லை என்றே சொல்லிவிடலாம், அதில் புதினம் ஒன்றுமில்லை. நேசத்துக்குத்தான் ஆள் வேண்டும். கேதீஸ்வரி முதலில் மறுத்தாள். "அன்ரியின்ரை பேரிலை நான் எப்பிடி மாமா இருக்கிறது?" என்றாள். றொசாந்தியின் கதையைச் சொன்ன பிறகுதான் சம்மதித்தாள்.

இருக்கை ஏற்பாடு என்று எழுதியிருந்தார்களே, அதில்தான் என் புத்தி போயிற்று. மூன்று கதிரை போதும். ஆனால் ஐந்து வருடத்துக்குப் பிறகு கதிரை கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது மச்சான். நான் எண்பத்து நான்கையும் இறக்கினேன். கழுவி, முற்றத்தில் படங்கு கட்டி, நேசம் எப்படி வைப்பாளோ அப்படி, நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தேன். கனிசியஸ் பயிற்சிக்கென்று வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு வந்து படலையில் நின்றான். எனக்கு எல்லாம் வடிவாக இருந்தது.

எட்டேமுக்காலுக்குத் தேவாலயத்தில் துக்கமணி அடித்தது. "ஆராயிருக்கும்?" என்று கனிசியஸைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. நான் எழும்பி நின்று தொப்பியைக் கழற்றி, போன ஆத்துமாவுக்காக ஒரு செபம் சொன்னேன். சொல்லிவிட்டு, செத்த வீட்டுக்காரர் கதிரை கேட்டு வருவார்களே, முற்றத்தில் பரப்பிவிட்டோமே என்று கவலைப்பட்டேன். அப்போதுதான் ஒழுங்கையால் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நீர் விளங்கிக்கொண்டிருப்பீர். தனியே இருக்கிற எழுபத்தொரு வயதுக் கிழவனின் முற்றத்தில் விடியவே படங்கும் கதிரையும் கண்டால் ஊர் என்ன நினைக்கும்? மணி அடிக்கிறவர் சைக்கிளில் போகும்போது பார்த்தாராம், கேட்கவே இல்லையாம், நேரே போய்க் கயிற்றைப் பிடித்தாராம்.

ஐந்து வருடம் என் படலை திறக்காதவர்கள் எல்லாரும் வந்தார்கள். வந்து, நான் துணியோடு நின்று கதிரை துடைப்பதைக் கண்டு விறைத்துப் போனார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் என்னோடு பன்னிரண்டு வருடம் வேலை செய்த ஜெயரூபன் மூச்சு வாங்க வந்து, என்னைக் கண்டதும் கோபித்துக்கொண்டான். "நான் லீவு போட்டிட்டு வந்தனான் அண்ணை" என்றான். மன்னிப்புக் கேட்டேன், வேறு என்ன செய்ய? ஆனால் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. கதிரை இருந்தது, நிழல் இருந்தது, இருந்து கதைத்தார்கள். உள்ளதைச் சொல்லுகிறேன் மச்சான், என்னுடைய செத்த வீடு எனக்கு மெத்தப் பிடித்திருந்தது.

ஒன்பதரைக்குப் பயிற்சியாளர் வந்து இறங்கினார். ஐம்பது பேரைக் கண்டு, இப்படி ஆர்வமான நிறுவனத்தைத் தான் எங்கும் காணவில்லை என்று மனம் நிறைந்து போனார். நான் வாய் திறக்க முதல் பட்டியலை எடுத்தார். "சிமியோன்?" கனிசியஸ் கையை உயர்த்தினான். "கெல்வின்?" நான், "வரேல்லை" என்றேன். "நேசம்மா?"

அங்கிருந்த அத்தனை பேரும் அவளைக் குழிக்குள் வைத்தபோது நின்றவர்கள். கேதீஸ்வரி தலையைக் குனிந்தபடி, மெல்ல, "ஓம்" என்றாள்.

நேசம்மா என்று கூப்பிட்டால் அந்த முற்றத்தில் ஒருவர் ஓம் என்று சொல்லி ஐந்து வருடம் மச்சான். பக்கத்திலிருந்த கதிரையில் இருந்துவிட்டேன். சவ அடக்கத்தில்கூட நான் அழவில்லை, வந்தவர்களுக்குக் கதிரை போதாதே என்று ஓடிக்கொண்டிருந்தேன். அன்று அழுதேன். ஐம்பது பேருக்கு முன்னால், பயிற்சியாளருக்கு முன்னால், மூக்கைத் துடைக்கவும் தோன்றாமல் அழுதேன். அழுது முடித்து எல்லா உண்மையையும் சொன்னேன்: நிறுவனம் இல்லை, ஊழியர் இல்லை, அந்தப் பிள்ளை எழும்பிப் போகக்கூடாது என்று பொய் சொன்னேன் என்று.

பயிற்சியாளர் நல்ல மனிதன். பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, கொண்டுவந்த பயிற்சியைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது, படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லி, வாடிக்கையாளரை வரவேற்பது எப்படி என்று என் செத்த வீட்டுக்கு வந்த ஐம்பது பேருக்கும் மத்தியானம் வரை பாடம் நடத்தினார். சிரித்த முகத்தோடு வாங்கோ என்று சொல்லப் பழக்கினார். ஜெயரூபன் மூன்று தரம் எழும்பிச் சொல்லிக் காட்டினான். சான்றிதழ்கள் பெயர் அடித்தே வந்திருந்தன. நேசத்தினுடையதை அவளுடைய படத்துக்குப் பக்கத்தில் கொழுவியிருக்கிறேன். உம்முடையது இத்துடன் வருகிறது, மடிபடாமல் எடும்.

இதற்குள் தேவாலயத்து வட்ஸ்அப் குழுவில் என் படமும் மெழுகுதிரியும் போட்டு நாற்பத்து மூன்று பேர் அனுதாபம் தெரிவித்துவிட்டார்கள். கனடாவில் நடுச்சாமம், கெல்வின் கண்டு, யாராவது எடுப்பார்கள் என்று வீட்டு ஃபோனுக்கு அடித்தான். நான் எடுத்தேன். "அப்பா, நீங்களே கதைக்கிறீங்கள்?" என்று கேட்டான், பிறகு அழுதான். ஐம்பத்திரண்டு நிமிடம் கதைத்தான் மச்சான். புள்ளியை நாலாக உயர்த்தலாம். இனித் தனியே விடமாட்டேன், கனடாவுக்கு வந்துவிடுங்கோ என்று ஒற்றைக்காலில் நின்றான். நானும் வாறன் என்று சொல்லிவிட்டேன். கதிரைகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டு, பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, மாரிக்கு முதல் போவதாக முடிவு. இங்கே இருந்து எதைக் காவல் காக்கிறேன்?

மிச்சம் றொசாந்தியின் காரியம். நிறுவனமே இல்லை என்று பயிற்சியாளர் அறிக்கை எழுதியதால், அவள் இங்கே வராமலே எங்கோ மரநிழலில் இருந்து படிவத்தை நிரப்பினாள் என்று கொழும்பில் சந்தேகப்படுகிறார்களாம். அதைச் சரிபார்க்கத்தான் உம்மை அழைப்பார்கள். நீர் பொய் சொல்ல வேண்டியதில்லை. நான் சாரதி இல்லை, என்னுடைய அத்தான் தனிமையில் புத்தி தடுமாறிப் பொய் சொல்லிவிட்டார், ஆனால் அந்தப் பிள்ளை வந்தது உண்மை, இருந்தது உண்மை, இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தது உண்மை என்று சொல்லும். தனிமை என்ற சொல்லைக் கட்டாயம் சொல்லும். நான் இதுவரை ஒருவருக்கும் அதைச் சொன்னதில்லை, நீர் சொன்னால் எனக்கு வெட்கம் குறைவு.

உம்மையும் உம்முடைய வீட்டாரையும் ஆண்டவர் தம் செட்டையின் நிழலில் வைத்துக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இனி அடுத்த கடிதம் கனடாவிலிருந்து வரும்.

என்றும் அன்புள்ள அத்தான்,
ஜெபரட்ணம்

பி.கு. சனிக்கிழமை. கேதீஸ்வரியின் ஃபோன் இந்த நாலு நாளும் பழுதாக இருந்ததால் இதை அனுப்ப முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். மேலே எழுதியதில் வாழ்த்தைத் தவிர மற்றதை எல்லாம் மறந்துவிடும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கனிசியஸும் கேதீஸ்வரியும் படலையில் நின்றார்கள். "இண்டைக்கு வேலை இல்லையோ ஐயா?" என்று கனிசியஸ் கேட்டான். பகிடி என்று நினைத்தேன். அவர்களுக்குப் பின்னால் ஜெயரூபன், அவனுடைய மகள் பெரியபிள்ளையானதற்கு எடுக்கும் சாமத்தியவீட்டுக்கு அறுபது கதிரை கேட்டு வந்திருந்தான். அன்றைக்கு மூன்று மணித்தியாலம் இருந்தானாம், இடுப்பு நோகவில்லையாம். கேதீஸ்வரி சிரித்த முகத்தோடு வாங்கோ என்றாள், பயிற்சி வீண்போகவில்லை. கனிசியஸ் லான்ட்மாஸ்டரை ஒரே தரத்தில் பின்னுக்கு எடுத்தான், கிணற்றுக்கட்டுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆகவே கொழும்பிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம். உம்மை வேலையிலிருந்து நீக்கியாகிவிட்டது. கெல்வினுக்கும் சொல்லிவிடும், அப்பாவுக்கு இப்போதைக்கு லீவு கிடைக்காதாம்.

றொசாந்தியின் வேலை தப்பியது. நேற்று அவளுடைய மேலதிகாரியே கூட வந்து பார்த்தார். கேதீஸ்வரி தேத்தண்ணிக்கும் பணியாரத்துக்கும் சாட்சி சொன்னாள். பழைய படிவத்தை அழித்து, புதிதாக நிரப்பச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பிள்ளை அதே கதிரையில் இருந்து முதலிலிருந்து கேட்டது. வேலையாக்கள் எத்தனை பேர் என்றது, இரண்டு என்றேன். எல்லாம் உண்மை என்றபடியால் இருபது நிமிடத்தில் கடைசிக்கு முந்தின கேள்விக்கு வந்துவிட்டோம்.

"வெற்றிடம் ஏதும் இருக்கோ ஐயா?"

"ஒண்டு இருக்கு. முகாமையாளர்."

"எவ்வளவு காலமா?"

"ஐப்பசியோடை அஞ்சு வருசம்."

"நிரப்புறதுக்கு என்ன முயற்சி எடுத்தனீங்கள்?"

"ஒண்டும் எடுக்கேல்லை பிள்ளை. எடுக்கிற எண்ணமும் இல்லை. அது அப்பிடியே இருக்கட்டும்."

அவள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அப்படியே பதிந்தாள். படிவம் தானாகப் பூட்டிக்கொண்டது. டப்பைப் பைக்குள் வைத்தாள், பையைக் கீழே வைத்தாள், ஆனால் எழும்பவில்லை.

"தேத்தண்ணி இல்லையோ ஐயா?" என்று கேட்டாள்.